அமாவாசைத் தறி

அந்தத் துண்டுப் பிரசுரத்தின் அட்டையில் என் அம்மா இருந்தாள்.

தலைமையாசிரியை ஒரு கட்டுப் பிரசுரங்களை என் மேசைமேல் வைத்துவிட்டு, "நூறு காப்பி அனுப்பியிருக்காங்க ஜெயம்மா. பொண்ணுங்களுக்குப் பாதி, தெரு ஜனங்களுக்குப் பாதி. நீங்கதான் பாடம் எடுக்கணும். நீங்க அந்தத் தெருவில பிறந்தவங்க, சொன்னா கேட்பாங்க" என்றார். நான் சரி என்றேன். என் குரல் மாறியிருக்காது. மாறாமல் பேசப் பல வருஷமாகப் பழகியிருந்தேன்.

அது 1967. உலகம் முழுவதும் அதைச் சுற்றுலா ஆண்டாகக் கொண்டாடினார்கள். காஞ்சிபுரத்துக்கு வெளிநாட்டவர் வந்தால் ஊருக்கு என்ன நன்மை, அவர்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஊர்க்காரர்களுக்கும் சொல்லித்தர வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருந்தது. ஊரில் ஒரு வரவேற்புக் குழு போட்டார்கள். அதற்குத் தலைவர் பட்டு முதலாளி சபாபதி. பிரசுரத்தை அச்சடித்துக் கொடுத்ததும் அவர்தான். அட்டைப் படமும் அவர் கடைச் சுவரில் மாட்டியிருந்த படம்தான்.

படத்தில் அம்மா தறிக்குழியில் உட்கார்ந்திருக்கிறாள். கையில் நாடா. குறுக்கு நூலை ஓட்டும் கட்டை அது. முகம் குனிந்திருக்கிறது. பின்னால் திறந்த கதவு, அதன் வழியாக வாசல். இடது பக்கம் இன்னொரு தறி, அதன்மேல் ஒரு வெள்ளை வேட்டி போர்த்தியிருக்கிறது. கீழே, 'காஞ்சிபுரத்தில் பட்டு நெய்யும் பெண்' என்று எழுதியிருந்தது. பெயர் இல்லை.

வெளியூர்க்காரர் பார்த்தால் அழகான படம். எங்கள் தெருக்காரர் பார்த்தால் வேறொன்று தெரியும். வாசலில் கோலம் இல்லை. பக்கத்துத் தறி மூடிக் கிடக்கிறது. அது ஓர் அமாவாசை.

அமாவாசையன்று எங்கள் தெருவில் யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். முதல்நாள் மாலையே தறியைத் துணி போட்டு மூடிவிடுவார்கள். செத்துப்போனவர்கள் வீட்டுக்கு வரும் நாள் அது. அவர்கள் வந்து தறிக்குழியின் ஓரத்தில் உட்கார்வார்கள் என்று சின்ன வயதில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதில் எனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று யாராவது கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வேன். ஆனால் இன்றுவரை அமாவாசையன்று ஊசியில்கூட நூல் கோர்த்ததில்லை.

அந்தப் படம் எடுத்தபோது எனக்குப் பத்து வயது. அப்பா இருமலோடு பாயில் கிடந்தார். அவருடைய தறியில் அம்மா உட்கார்ந்து நெய்துகொண்டிருந்த காலம். சபாபதிக்கு அப்போது முப்பது வயது இருக்கும், புதிதாகத் தொழிலுக்கு வந்த முதலாளி. காமிராவோடு ஒரு வெள்ளைக்காரரை அழைத்துக்கொண்டு வந்தார்.

"ஒரு நிமிஷம்தான், காமாட்சி. நெய்யவா சொல்றேன்? சும்மா நாடாவ கையில புடிச்சிக்கினு உக்காரு."

"இன்னைக்கு அமாவாசைங்க" என்றாள் அம்மா.

"தெரியும்மா. யாரு பாக்கப் போறாங்க? கதவ சாத்திக்கலாம்."

அம்மா நகரவில்லை. சபாபதி சிரித்துக்கொண்டே, "அடுத்த பாவு வேணும்ல உனக்கு?" என்றார். பாவு நூலை முதலாளி கொடுத்தால்தான் தறி ஓடும். அப்பா பாயிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். அம்மா குழியில் இறங்கினாள். வெளிச்சம் போதவில்லை என்று அந்த வெள்ளைக்காரர் கையைக் காட்டினார். சபாபதியே போய்க் கதவைத் திறந்தார். எதிர்வீட்டுச் செல்லியம்மாள் கையில் காக்காய்ச் சோற்றோடு தன் வாசலில் நின்றிருந்தாள். பார்த்துவிட்டாள்.

அந்த மாதக் கடைசியில் செல்லியம்மாளின் மகன் ராஜவேலு காலராவில் செத்தான். கல்யாணமாகி மூன்று மாதம். தெரு கோயில் முன்னால் கூடியது. அமாவாசையன்று தறியில் உட்கார்ந்தவளால் வந்த சாவு என்று செல்லியம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள். சபாபதியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

"நான் எங்க உக்காரச் சொன்னேன்? அவங்களா உக்காந்தாங்க."

அம்மா அவரைப் பார்த்தாள். பேசவில்லை. அடுத்த பாவு அவர் கையில் இருந்தது. அந்த மௌனத்துக்காக நான் அவளைப் பல வருஷம் மன்னிக்கவில்லை.

அதற்குப் பிறகு அம்மாவின் தறியில் கோர்வைக்கு ஆள் உட்காரவில்லை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறமாக நெய்ய இரண்டு நாடா வேண்டும், இரண்டு பேர் வேண்டும். தெருவில் ஒருத்தரும் வரவில்லை. சாகும்வரை அம்மா கோர்வையில்லாத ஒற்றைப் புடவைகளையே நெய்தாள். என்னைக் கோர்வைக்கு உட்கார வைக்காமல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். பெண் பார்க்க வந்தவர்கள் தெருமுனையிலேயே விசாரித்துவிட்டுத் திரும்பினார்கள். இருபத்தொன்பது வயதில் நான் பெண்கள் பள்ளியில் ஆசிரியை, கல்யாணமாகாதவள், அமாவாசைக்காரியின் மகள்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். என் தாயை உட்கார வைத்தவர் யார் என்பது அதே தெருவில், அதே ஜனங்கள் முன்னால், சபாபதியின் வாயாலேயே வெளிவர வேண்டும். அவர் நஷ்டப்பட வேண்டும், நோயில் விழ வேண்டும் என்றெல்லாம் நான் ஆசைப்பட்டதில்லை. ஆசைப்பட்டதில்லை என்றா சொன்னேன்? பட்டிருக்கிறேன். ஆனால் முதலில் வேண்டியது இதுதான்.

வகுப்பில் பிரசுரத்தைக் கொடுத்ததும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். உள்ளே 'உல்லாசப் பிரயாணிகள்' என்று அச்சடித்திருந்தது.

"உல்லாசம்னா என்னா டீச்சர்?" என்றாள் பின் வரிசையில் ஒருத்தி, தெரியாதவள் போல.

"ஊரைச் சுத்திப் பாக்கறது. அவ்வளவுதான்."

"நம்ம ஊர சுத்திப் பாக்க என்னா இருக்குது டீச்சர்? நாங்க தெனம் பாத்துக்கினுதான் இருக்கோம்."

"அதனாலதான் உனக்குத் தெரியல" என்றாள் அம்சவேணி. எட்டாம் வகுப்பின் முதல் மாணவி அவள். எங்கள் தெருவில் நெசவு செய்யும் வடிவின் மகள். இங்கிலீஷ் வாக்கியங்களை ஒருமுறை சொன்னால் போதும், பிடித்துக்கொள்வாள். விருந்தினருக்கு ஊரைச் சுற்றிக் காட்டும் பெண்ணாக அவளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தேன்.

நான் பாடம் எடுத்தேன். நன்றாகவே எடுத்தேன். ஒருவர் நம் ஊருக்கு வந்தால் வண்டி ஏறுகிறார், சாப்பிடுகிறார், தங்குகிறார், பூ வாங்குகிறார், புடவை வாங்குகிறார். ஒருவர் வருவதால் பத்து வீட்டு அடுப்பு எரிகிறது. கைலாசநாதர் கோயில் மதிலேறி ஆடு மேய்க்கக் கூடாது. வெள்ளைக்காரர் பின்னால் கூட்டமாக ஓடக் கூடாது, காசு கேட்டுக் கை நீட்டக் கூடாது. "எல்லாத்தையும்விட முக்கியம், அவங்ககிட்ட உண்மையைச் சொல்லணும். நம்ம ஊரு எப்படி இருக்குதோ அப்படிக் காட்டணும். வேஷம் போட்டுக் காட்டக் கூடாது" என்றேன். அம்சவேணி அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

சொல்லும்போதே அது எனக்கு உண்மையாகப்பட்டது. அதுதான் விசித்திரம். வன்மத்தோடு தொடங்கிய பாடத்தை நான் நம்பவும் தொடங்கியிருந்தேன். இரண்டும் ஒரே மனதில் ஒன்றையொன்று இடிக்காமல் இருந்தன.

ஆகஸ்ட் கடைசியில் சென்னையிலிருந்து கடிதம் வந்தது. எட்டு வெளிநாட்டு விருந்தினர்கள், அவர்களுடைய நாடுகளிலிருந்து ஆட்களை அனுப்பக்கூடிய பிரயாண நிறுவனக்காரர்கள், கோயில்களையும் நெசவையும் பார்க்க வருகிறார்கள். காந்தி ஜெயந்திக்கு மறுநாள், அக்டோபர் மூன்று, செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு ஊரில் இடைஞ்சல் எதுவும் உண்டா என்று கேட்டிருந்தார்கள். தலைமையாசிரியை திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். என்னைக் கூப்பிட்டார்.

"மூணாம் தேதி உங்க ஊர்ல ஏதாவது விசேஷமா, ஜெயம்மா?"

சுவரில் காலண்டர் தொங்கியது. பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. அம்மா செத்த பிறகு வருஷப் பிறப்பன்றே எல்லா அமாவாசையும் எந்தத் தேதி என்று பார்த்து வைத்துக்கொள்வேன். அக்டோபர் மூன்று மகாளய அமாவாசை.

"விசேஷம் எதுவும் இல்ல மேடம்" என்றேன்.

அவர் அப்படியே பதில் எழுதினார். அந்த ஒரு வரியோடு என் வேலை முடிந்துவிட்டது. மற்றதைச் சபாபதி செய்வார் என்று எனக்குத் தெரியும். தேதியை மாற்றச் சொல்லிக் கேட்க அவருடைய பெருமை விடாது. யாரையாவது உட்காரச் சொல்வார். ஒருமுறை சொன்னவர்தானே.

இரண்டு வாரம் கழித்துச் சபாபதி பள்ளிக்கே வந்தார். தலை நரைத்திருந்தது, விரலில் மோதிரம் கூடியிருந்தது. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பிரசுரத்தைக் கையில் தட்டிக்கொண்டே பேசினார்.

"டீச்சரம்மா, ஒரு சின்ன சிக்கலு. அன்னைக்கு அமாவாசையா வந்து தொலைச்சிருக்குது. வெள்ளக்காரனுக்கு ஏது அமாவாசை? வர்றவன் தறி ஓடறதப் பாக்கணும்னுதான வர்றான். ஒரு மணி நேரம் உக்காரச் சொல்லுங்க. ஊருக்கு நல்லதுன்னு உங்க பாடத்துல அதையும் சேத்துடுங்க."

"இந்த அம்மா அமாவாசையில உக்காந்தாங்களா?" என்று அட்டைப் படத்தைக் காட்டினேன்.

அவர் படத்தைப் பார்த்தார். "இதுவா? யாரோ ஒரு நெசவுக்காரி. எப்பவோ எடுத்தது" என்றார்.

பொய் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அவர் உண்மையாகவே மறந்திருந்தார். எங்கள் இருவர் வாழ்க்கையையும் தின்ற அந்த நாள் அவர் நினைவில் ஒரு துளி இடம்கூடப் பிடிக்கவில்லை.

"பேசறேன்" என்றேன்.

தெருக் கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டம் போட்டோம். நாற்பது ஐம்பது பேர் வந்தார்கள். உல்லாசப் பிரயாணிகளால் ஊருக்கு என்ன லாபம் என்று நான் ஆரம்பித்ததும் நெசவுக்கார அர்ஜுனன் எழுந்தார்.

"வெள்ளக்காரன் வந்தா எனக்கு என்னாம்மா? அவன் பொண்டாட்டி என் புடவையா கட்டப் போறா? அதுவே முட்டி தெரிய கவுனு போட்டுக்கினு வருது."

பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. ஜட்கா வண்டிக்கார ஃபக்ருதீன் பாய் பின்னாலிருந்து, "உனக்கு இல்லன்னா என் குதிரைக்கு இருக்குதுபா. டேசன்லேருந்து கைலாசநாதர் கோயிலு வரைக்கும் ஒருத்தன் ஏறினா அன்னைக்கு அதுக்குக் கொள்ளு" என்றார்.

"உங்க குதிர கொள்ளு பாத்து எத்தினி வருஷமாச்சி பாய்? எலும்ப எண்ணிக்கலாம் போல இருக்குது."

"அதத்தான்பா நானும் சொல்றேன். டூரிஸ்ட் வரட்டும், அது சதை போடறதப் பாரு."

சிரிப்பு அடங்கியதும் தேதியைச் சொன்னேன்.

"அன்னைக்கு அமாவாசையாச்சே" என்றாள் யாரோ.

செல்லியம்மாள் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க வெளுத்திருந்தது. மகன் செத்த நாளிலிருந்து அவள் எங்கள் வீட்டோடு பேசியதில்லை. அன்று பேசினாள்.

"அதுக்குத்தான் கூட்டம் போட்டியா? உங்கம்மா உக்காந்தாளே, அதுமாதிரி எங்களையும் உக்காரச் சொல்ல வந்தியா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "இல்லை. யாரையும் உக்காரச் சொல்ல மாட்டேன். உக்காரறதும் உக்காராததும் உங்க இஷ்டம்" என்றேன். ஒருத்தரும் உட்காரப் போவதில்லை என்று அவர்கள் முகத்திலேயே எழுதியிருந்தது. வடிவு கூட்டத்தின் கடைசியில் மகளோடு நின்றிருந்தாள். அவள் புருஷன் ஆரணிக்குப் போய் இரண்டு வருஷமாகத் திரும்பவில்லை. தறி மட்டும்தான் அவளுடையது, பாவு, கூலி எல்லாமே சபாபதி கொடுப்பது. அவளைப் பார்த்தேன். பார்த்ததும் எனக்குத் தோன்றியதை மறைக்க மாட்டேன். சபாபதி ஆள் தேடினால் இவளிடம்தான் போவார் என்று தோன்றியது. தோன்றியும், கூட்டம் முடிந்து அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டுக்குப் போனேன்.

"பேசிட்டேன். யாரும் எழுந்து போகல" என்று சபாபதிக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் அதைத் தன் விருப்பப்படி புரிந்துகொண்டார்.

அக்டோபர் மூன்றாம் தேதி விருந்தினர் வேன் ஏகாம்பரநாதர் கோயிலையும் கைலாசநாதர் கோயிலையும் முடித்துக்கொண்டு பதினொரு மணிக்கு எங்கள் தெருமுனையில் நின்றது. அம்சவேணி தலையில் கனகாம்பரத்தோடு முன்னால் இறங்கினாள். காலையிலிருந்து ஒரு வாக்கியம்கூட அவள் தவறவிடவில்லை. கையில் காமிராவோடு இருந்த ஒரு வயதான வெள்ளைக்கார அம்மாள் அவளை விட்டு நகரவேயில்லை.

தெரு வெறிச்சென்று இருந்தது. ஒரு வாசலிலும் கோலமில்லை. கூரைகளில் காக்கைகள். எந்த வீட்டிலிருந்தும் தறிச் சத்தம் இல்லை. திறந்திருந்த கதவுகள் வழியாகப் பார்த்தால் உள்ளே தறிகள் வேட்டி போர்த்திப் படுத்திருந்தன. தெருமுனையில் வரவேற்க நின்ற சபாபதியின் முகம் அந்த ஐந்து நிமிஷத்தில் வெளிறியதை நான் ஆசைதீரப் பார்த்தேன். சாப்பாட்டை மென்று விழுங்குவதுபோல மெதுவாகப் பார்த்தேன்.

"இளநீ வெட்டச் சொல்லுங்க, இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் சந்துக்குள் நுழைந்தார். விருந்தினர்கள் இளநீர் குடித்து முடிப்பதற்குள் வியர்வையைத் துடைத்தபடி திரும்பி வந்தார். "வாங்க, வாங்க, இந்தப் பக்கம். தறி ஓடுது பாருங்க."

ஒரே ஒரு தறியின் சத்தம் கேட்டது.

அம்சவேணி முன்னால் நடந்தபடி, பட்டு நூல் எங்கிருந்து வருகிறது, ஜரிகை எப்படிச் செய்கிறார்கள் என்று இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே போனாள். போகும் வீடு தன் வீடு என்று தெரிந்தபோது அவள் நடை தடுமாறியது. வாசலைத் தாண்டியதும் வாக்கியம் பாதியில் நின்றது.

குழியில் வடிவு உட்கார்ந்திருந்தாள். கையில் நாடா. முகம் குனிந்திருந்தது. பக்கத்துத் தறியின்மேல் வேட்டி போர்த்தியிருந்தது.

அம்சவேணி திரும்பி என்னைப் பார்த்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று அந்தக் கண்கள் கேட்டன. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வடிவை எழுந்து வரச் சொல்லியிருக்கலாம். காமிராவுக்குக் குறுக்கே நின்றிருக்கலாம். நான் சபாபதியின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் குழந்தையைவிட அந்த வாய்தான் அப்போது எனக்கு முக்கியமாக இருந்தது.

விருந்தினர்களோடு வந்திருந்த சென்னை அதிகாரிக்கு ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். "மத்த வீட்டுத் தறியெல்லாம் ஏன் மூடியிருக்கு?" என்று கேட்டார். வெளியே தெரு ஜனம் ஒவ்வொருவராக வந்து வாசலில் நின்றது. முன்னால் செல்லியம்மாள்.

"இன்னைக்கு அமாவாசை சார்" என்றாள் அம்சவேணி. குரல் தெளிவாக இருந்தது. உண்மையைச் சொல்லணும் என்று நோட்டில் எழுதிய பெண் அவள். "அமாவாசையில தறியில உக்கார மாட்டோம். எங்கம்மாவ முதலாளி உக்காரச் சொல்லியிருக்காரு."

அதிகாரி சபாபதியைப் பார்த்தார். சபாபதி மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"நான் எங்க உக்காரச் சொன்னேன்? அவங்களா உக்காந்தாங்க."

பத்தொன்பது வருஷம். அதே துண்டு, அதே கை, அதே குரல்.

"சத்தமா சொல்லுங்க முதலாளி, வெளிய இருக்கறவங்களுக்குக் கேக்கல" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. சத்தமாகவே சொன்னார். "அவங்களா உக்காந்தாங்கன்றேன்! கேட்டுப் பாருங்க!"

வடிவு தலைநிமிரவில்லை. அவள் வாய் திறக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அடுத்த பாவு அவர் கையில் இருந்தது. அம்மாவின் மௌனம் என்னவென்று அந்த நொடியில்தான் எனக்குப் புரிந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டியவள் அவளல்ல, நான்.

செல்லியம்மாள் படியேறி உள்ளே வந்தாள். விருந்தினர்களை அவள் கவனிக்கவேயில்லை. நேராகச் சபாபதியின் முன்னால் போய் நின்றாள்.

"கோயிலாண்ட நின்னு அன்னைக்கும் இதயேதான்டா சொன்ன" என்றாள். "ஒரு எழுத்து மாறல. அப்போ காமாட்சியையும் நீதான் உக்கார வெச்சியா?"

சபாபதி அவளைப் பார்த்தார், பிறகு என்னை, பிறகு அதிகாரியின் கையிலிருந்த பிரசுரத்தை. அந்த அட்டையில் யார் இருக்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. மேல்துண்டிலிருந்து கை இறங்கியது.

"எம்புள்ள சாவ அவ தலையில போட்டுட்டேனே" என்றாள் செல்லியம்மாள். அது யாருக்கும் சொன்னதல்ல. குனிந்து வடிவின் கையைப் பிடித்துக் குழியிலிருந்து மேலே தூக்கினாள். மூலையில் கிடந்த போர்வையை எடுத்துத் தறியின்மேல் போர்த்தினாள். வயதான வெள்ளைக்கார அம்மாள் அம்சவேணியிடம் மெதுவாக ஏதோ கேட்டாள். அம்சவேணி இங்கிலீஷில் சொன்னாள். கேட்டுவிட்டு அந்த அம்மாள் காமிராவைப் பைக்குள் வைத்து மூடினாள்.

அடுத்த வாரத்திலிருந்து சபாபதியின் தறிகளில் கோர்வைக்கு ஆள் உட்காரவில்லை. ஒருத்தரும் பேசி முடிவு செய்யவில்லை. அர்ஜுனன் முதலில் நின்றார், பிறகு அவர் தம்பி, பிறகு மற்றவர்கள். தன் மகளின் கல்யாணத்துக்குச் சொல்லிவைத்த புடவைகள்கூடச் சபாபதிக்குக் கரை சேரவில்லை என்று ஃபக்ருதீன் பாய் சொல்லிச் சிரித்தார். ஒருநாள் ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். அம்மாவின் படம் தொங்கிய இடத்தில் சுண்ணாம்பு மட்டும் சதுரமாக வெளுத்திருந்தது. அதன் எதிரே நின்றேன். எனக்கு வருத்தமில்லை. நெஞ்சு நிறைந்திருந்தது. அந்த நிறைவு கெட்டது என்று யாராவது சொன்னால் நான் மறுக்கமாட்டேன். ஆனால் அது இருந்தது.

தீபாவளிக்குப் பிறகு வடிவு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். சபாபதியின் ஆட்கள் அவள் தறியிலிருந்த பாவை அமாவாசைக்கு மறுநாளே அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் வேறு பாவு கொடுத்திருக்கிறார்களாம், கோர்வைப் புடவை. கோர்வைக்குக் கூலி கொடுத்து ஆள் வைக்க முடியாது, அம்சவேணியைத்தான் உட்கார வைக்க வேண்டும், படிப்பை நிறுத்தச் சர்டிபிகேட் வேண்டும் என்று தலைமையாசிரியையிடம் கேட்டாளாம். பேச்சோடு பேச்சாக அவர் அந்தத் தேதியைப் பற்றி எதையோ சொல்லியிருக்கிறார்.

மதிய மணி அடித்ததும் வடிவு வேப்பமரத்தடியில் எனக்காக நின்றாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். அந்தத் தேதியில விசேஷம் ஒண்ணும் இல்லன்னு பெரிய டீச்சர்கிட்ட சொன்னது நீங்களா?"

நான் கையிலிருந்த நோட்டுகளை மரத்தடியில் வைத்தேன்.

"உங்களுக்குத் தெரியாம இருக்காது. உங்கம்மா வாங்கினத நீங்க மறப்பீங்களா? தெரிஞ்சிதான் சொல்லியிருக்கீங்க." அவள் குரல் உயரவில்லை. "அவன் யாரையாவது புடிச்சி உக்கார வெப்பான்னும் தெரியும். கூட்டத்துல என்னைப் பாத்தீங்களே, பாத்துட்டு மூஞ்ச திருப்பிக்கினீங்களே. எம்பொண்ணு முன்னால, அத்தினி பேரு முன்னால என்னை அந்தக் குழியில உக்கார வெச்சது அவன் மட்டுமா? நீயுந்தான்."

நீங்கள் என்பது நீ ஆனதை நான் கவனித்தேன்.

அப்போது என் வாயில் ஒரு வாக்கியம் வந்து நின்றது. நான் எங்கே உட்காரச் சொன்னேன், நீங்களாகத்தானே உட்கார்ந்தீர்கள். முழுசாக வந்து நின்றது. கூட்டத்தில் யாரையும் உட்காரச் சொல்லமாட்டேன் என்று நான் சொன்னதற்குத் தெருவே சாட்சி. ஒரு சொல்கூடப் பொய்யில்லை. சபாபதிக்கு அந்த வாக்கியம் எவ்வளவு சுலபமாக வந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. கை தானாக முந்தானையைச் சரிசெய்யப் போனது. பாதியில் நிறுத்தினேன்.

"ஆமா வடிவு" என்றேன். "தெரியும். தெரிஞ்சிதான் விட்டேன். அவன் மாட்டணும்னு இருந்தேன். உன்னை யோசிச்சேன், யோசிச்சும் விட்டேன்."

அழுவாள் அல்லது காறித் துப்புவாள் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை. கையிலிருந்த சர்டிபிகேட் விண்ணப்பத்தை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"உனக்கு கோர்வைக்கு உக்காரத் தெரியுமா?"

"அம்மா விடல. பாத்திருக்கேன்."

"பாத்தது போதும். நாளைக்கி விடியக்கால அஞ்சு மணிக்கு வந்து உக்காரு. எட்டு மணி வரைக்கும். தெனம், இந்தப் பாவு முடியற வரைக்கும். அம்சா படிக்கட்டும்." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தவள் திரும்பிப் பார்த்தாள். "யாராவது கேட்டா, வடிவுதான் உக்காரச் சொன்னான்னு சொல்லிக்கோ. நான் இல்லன்னு சொல்ல மாட்டேன்."

மறுநாள் ஐந்து மணிக்குப் போனேன். அவள் என்னை வா என்று சொல்லவில்லை. நாடாவை எடுத்து என் பக்கம் நீட்டினாள்.